கோல் கம்பங்களுக்கு நடுவே

கீழ்க்காணும் பகுதியை வாசித்துப் பொருளுணர்க.

மாலை ஐந்து மணி. லகாட்டில் ஒரு திடல். ஒரு பக்கம் பழைய ஈயலம்பக் குட்டை. தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். பள்ளி முடிந்து வந்த மாணவர்கள் காற்பந்து ஆட இரு அணிகளாகப் பிரிகிறார்கள். அணித் தலைவர்கள் இருவரும் மாறி மாறி ஆள் எடுக்கிறார்கள். வேகமாக ஓடுபவனை முதலில் அழைக்கிறார்கள். பந்தை வளைத்து உதைக்கத் தெரிந்தவன் அடுத்துப் போகிறான். கடைசியில் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான்.

"சரி, நீ கோல்ல நில்லு."

அவன் தலையைக் குனிந்தபடி கோல் கம்பங்களை நோக்கி நடக்கிறான். திடலோரத்து ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அவனைக் கூப்பிடுகிறார்.

"ஏன் தம்பி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போற? அது தண்டனை இல்லப்பா. ஆறுமுகம் நின்ன இடம் அது."

"எந்த ஆறுமுகம், தாத்தா?"

முதியவர் உடனே பதில் சொல்லவில்லை. தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்த மாணவனையே பார்த்தார். ஒரு காலத்தில் நாடே அறிந்த பெயர் அது. இன்று அதே நாட்டில் காற்பந்து ஆடும் ஒரு சிறுவன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

யார் அந்த ஆறுமுகம்?

ஆர். ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் போர்ட் கிள்ளானில் பிறந்தவர். சிலாங்கூர் மாநிலக் குழுவுக்கும் மலேசியத் தேசியக் குழுவுக்கும் கோல்காவலராக விளங்கியவர். நீண்ட கைகளை விரித்து அவர் பந்தைத் தடுத்த விதத்தைக் கண்ட இரசிகர்கள் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பட்டப்பெயர் சூட்டினர்.

அவர் ஆடிய காலம் சிலாங்கூர் காற்பந்தின் பொற்காலம். 1971 முதல் 1986 வரையிலான 16 ஆண்டுகளில் சிலாங்கூர் 11 முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. தாக்குதல் ஆட்டத்தில் மொக்தார் டஹாரி, தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங், கோல் கம்பங்களுக்கு நடுவே ஆறுமுகம் என, நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பலர் அக்குழுவில் இருந்தனர். தேசியக் குழுவிலும் இவர்கள் ஒன்றாகவே களமிறங்கினர். மலேசியா 1977இல் கோலாலம்பூரிலும் 1979இல் ஜகார்த்தாவிலும் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டிகளில் காற்பந்துத் தங்கப் பதக்கத்தை வென்றது.

பேராக் மாநில இரசிகர்களுக்கு ஆறுமுகம் எதிரணி ஆள். 1970இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற பேராக், அதை மீண்டும் கையில் ஏந்த 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறுமுகத்தின் ஆட்டக்காலம் முழுவதும் இந்தக் காத்திருப்புக்குள் அடங்கிவிடுகிறது. ஆயினும் ஈப்போவிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் அவருக்கு இரசிகர்கள் இருந்தனர். சிலாங்கூருக்கு எதிராக ஆடும்போது பந்து அவர் கையில் சிக்கக் கூடாது என்று விரும்பியவர்களே, மலேசியா ஆடும்போது அது அவர் கையிலேயே சிக்க வேண்டும் என்று விரும்பினர்.

இன்னொன்றையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அக்காலத்தில் மலேசியாவில் காற்பந்து முழுநேரத் தொழிலாக இல்லை. பகுதிநேரத் தொழில்முறைக் காற்பந்து 1989இல்தான் தொடங்கியது. முழுமையான தொழில்முறைக் காற்பந்து 1994இல் வந்தது. அதற்கு முன்பு ஆடியவர்கள் பகலில் ஏதேனும் ஒரு பணியில் இருந்துகொண்டு மாலையில் பயிற்சிக்குச் சென்றனர். இன்றைய ஆட்டக்காரர்கள் பெறும் ஊதியத்தையோ விளம்பர வருமானத்தையோ அவர்கள் கண்டதில்லை.

அரை நொடிக்குள் ஒரு முடிவு

குழு விளையாட்டு ஒவ்வொன்றிலும் கைதட்டல் குறைவாகக் கிடைக்கும் இடம் ஒன்று இருக்கும். செப்பாக் தக்ராவில் வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடிப்பவரை எல்லாரும் பாராட்டுவர். அவருக்கு வாகாகப் பந்தை எடுத்துக் கொடுத்தவரைச் சிலரே கவனிப்பர். அமெரிக்கக் காற்பந்தில் 'டைட் எண்ட்' என்றோர் ஆட்டக்காரர் உண்டு. ஒருமுறை அவர் தம் உடலையே சுவராக்கி எதிரணியினரைத் தடுப்பார். அடுத்தமுறை ஓடிச் சென்று பந்தைப் பிடிப்பார். பந்தைப் பிடித்தால் அவர் பெயர் ஒலிக்கும். தடுத்து நின்றால் பெரும்பாலும் ஒலிக்காது. காற்பந்தில் அத்தகைய இடம் கோல்காவலருடையது. தாக்குதல் ஆட்டக்காரர் பத்து வாய்ப்புகளில் ஒன்பதைத் தவறவிட்டு ஒன்றைக் கோலாக்கினால் நாயகன் ஆகிறார். கோல்காவலரோ ஒன்பதைத் தடுத்து ஒன்றைத் தவறவிட்டால் பழி சுமக்கிறார்.

அவர் காக்க வேண்டிய இடம் எவ்வளவு பெரியது? கோல் கம்பங்களுக்கு இடையிலான அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பினால்டி உதைக்கும் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தொலைவில் உள்ளது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடி போதும். கண் பார்த்ததை மூளை உணர்ந்து உடலை அசைக்கவே சுமார் 0.2 நொடி ஆகும். எஞ்சிய 0.2 நொடிக்குள் ஒருவர் எவ்வளவு தூரம் பாய முடியும்? எனவேதான் நல்ல கோல்காவலர் பந்து புறப்படும்வரை காத்திருப்பதில்லை. உதைப்பவரின் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, இடுப்பு எப்படி வளைகிறது, ஓடி வரும் கோணம் என்ன என்பவற்றைக் கவனித்து முன்கூட்டியே முடிவெடுக்கிறார்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வேறொரு கணக்கும் உண்டு. எதிரணி ஆட்டக்காரர் தனியாகப் பந்தோடு வரும்போது, கோல் கோட்டிலேயே நிற்கும் காவலருக்கு இருபுறமும் பெரிய இடைவெளி இருக்கும். அவர் சில அடிகள் முன்னால் வந்தால், உதைப்பவரின் கண்ணுக்கு அந்த இடைவெளி சுருங்கிவிடும். அதிகமாக முன்னால் வந்தாலோ பந்து தலைக்கு மேலே பறந்து கோலுக்குள் விழுந்துவிடும். எத்தனை அடி, எந்த நேரத்தில் என்பதைப் புத்தகம் மட்டும் படித்துக் கற்றுக்கொள்ள இயலாது. ஆயிரக்கணக்கான முறை விழுந்து எழுந்தே கற்க வேண்டும். நீண்ட கைகள் பிறப்பால் வருபவை. அவற்றை எப்போது விரிக்க வேண்டும் என்ற அறிவு பயிற்சியால் வருவது.

1980 ஏப்ரல், மெர்டேக்கா அரங்கம்

மலேசியக் காற்பந்துக் குழு அதற்கு முன்பு ஒரே ஒருமுறைதான் ஒலிம்பிக் களத்தில் ஆடியிருந்தது. 1972இல் மூனிக் நகரில் எம். சந்திரன் தலைமையில் ஆடிய அக்குழு, மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றாலும் அமெரிக்காவை 3-0 என்ற கோல் கணக்கில் வென்று திரும்பியது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெறும் வாய்ப்பு மீண்டும் வந்தது.

தகுதிச்சுற்று ஆட்டங்கள் கோலாலம்பூரில் நடைபெற்றன. குழுவைப் பயிற்றுவித்தவர் ஜெர்மானியரான கார்ல் ஹெயின்ஸ் வெய்காங். இறுதியில் மலேசியாவும் தென்கொரியாவும் மோதும் நிலை ஏற்பட்டது. வெல்பவர் மாஸ்கோ செல்லலாம். தோற்பவர் வீட்டிலிருந்து வானொலி கேட்கலாம். தென்கொரியா அன்று ஆசியாவின் வலிமைமிக்க குழுக்களுள் ஒன்று.

1957இல் நாட்டின் விடுதலை முழங்கப்பட்ட அதே மெர்டேக்கா அரங்கம் மக்களால் நிரம்பியது. ஆட்டம் 2-1 என்ற கோல் கணக்கில் மலேசியாவுக்குச் சாதகமாக முடிந்தது. சந்தோக் சிங் ஒரு கோலையும் சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் மற்றொரு கோலையும் அடித்தனர். மலாய், சீன, இந்திய, சபா ஆட்டக்காரர்கள் ஒரே சட்டை அணிந்து பெற்ற வெற்றி அது. கோலடித்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் எழுதப்பட்டன. 2-1 என்ற கணக்கில் உள்ள அந்த 'ஒன்று', 'இரண்டு' ஆகாமல் காத்தவர் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றிருந்தார். அவருக்கு அப்போது வயது 27.

போகாத பயணம்

ஆனால், மலேசியக் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை.

1979ஆம் ஆண்டு டிசம்பரில் சோவியத் ஒன்றியத்தின் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு அமெரிக்கா உலக நாடுகளை அழைத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அவ்வொலிம்பிக்கில் பங்கேற்கவில்லை. அவற்றுள் மலேசியாவும் ஒன்று. மலேசியாவுக்குப் பதிலாக ஈராக் சென்றது, காலிறுதிவரை முன்னேறியது.

இதைப் பற்றி அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு நாடு படைபலத்தால் அடக்கப்படும்போது, அடக்கியவரின் மண்ணில் விழா கொண்டாடுவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. அரசுகளின் பிணக்கிற்கு விளையாட்டாளர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. பிரிட்டனில் அரசாங்கம் புறக்கணிப்பை ஆதரித்தபோதிலும் அந்நாட்டு விளையாட்டாளர்கள் பலர் மாஸ்கோ சென்று போட்டியிட்டனர். எனவே, எல்லா நாடுகளிலும் ஒரே முடிவு எடுக்கப்படவில்லை.

எது சரி என்று முடிவு செய்வது எளிதன்று. ஆனால், இழப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை. ஒலிம்பிக் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். ஆட்டக்காரரின் உச்சக்காலமோ சில ஆண்டுகளே நீடிக்கும். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிற்கு மலேசியக் காற்பந்துக் குழு தகுதிபெறவில்லை. அதன்பின் இதுவரையும் தகுதிபெறவில்லை. 1980இல் திறந்த கதவு, அந்தத் தலைமுறைக்கு மீண்டும் திறக்கவே இல்லை.

எஞ்சி நிற்பது

ஆறுமுகம் அதோடு கையுறைகளைக் கழற்றிவிடவில்லை. மாஸ்கோ இல்லையென்றாலும் மறுவாரம் ஓர் ஆட்டம் இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. 1981, 1982, 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் சிலாங்கூர் மீண்டும் மீண்டும் மலேசியக் கிண்ணத்தை வென்றது. தேசியச் சட்டையையும் அவர் தொடர்ந்து அணிந்தார். பெரிய மேடை கைநழுவிய பிறகும் சிறிய மேடைகளில் அதே கவனத்துடன் நிற்பது எளிதான செயலன்று.

1988ஆம் ஆண்டு டிசம்பரில், ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, சாலை விபத்தொன்றில் ஆறுமுகம் உயிரிழந்தார். அவருக்கு வயது 35. தாம் கற்றதை அடுத்த தலைமுறைக் கோல்காவலர்களுக்கு நீண்ட காலம் கற்பிக்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை.

2016இல் வெளிவந்த 'ஓலா போலா' என்னும் மலேசியத் திரைப்படம் 1980ஆம் ஆண்டுக் குழுவின் கதையைத் தழுவி எடுக்கப்பட்டது. அதில் முத்து என்ற தமிழ் இளைஞர் கோல்காவலராக வருவார். திரைப்படம் என்பதால் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன, கற்பனையும் கலந்துள்ளது. ஆயினும், திரையரங்கில் அமர்ந்திருந்த இளையோர் பலருக்கு அப்படியொரு குழு நம் நாட்டில் இருந்தது என்பதே அன்றுதான் தெரிந்தது. முத்துவை அறிந்தவர்கள் ஆறுமுகத்தையும் அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

ஒருவரின் வாழ்க்கைப் பணியை எதைக் கொண்டு அளப்பது? பதக்கங்களைக் கொண்டா? ஏறிய மேடைகளைக் கொண்டா? அப்படி அளந்தால் 1980ஆம் ஆண்டுக் குழுவின் கணக்கில் ஓர் ஒலிம்பிக் குறைவாகவே இருக்கும். ஆனால், தகுதியை அவர்கள் தாங்களே உழைத்துப் பெற்றார்கள். மேடையை அளிப்பதும் மறுப்பதும் பிறர் கையில் இருக்கலாம். தகுதி பெறுவது நம் கையில்தான் இருக்கிறது.

லகாட் திடலில் இருட்டத் தொடங்கியது. முதியவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த மாணவன் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றான். எதிரணி ஆட்டக்காரன் தனியாகப் பந்தோடு வந்தான். இவன் முதலில் தயங்கினான்; பிறகு மூன்றடி முன்னால் வந்தான். ஓரடி அதிகமாகிவிட்டது போலும். பந்து அவன் விரல் நுனியைத் தொட்டுவிட்டு உள்ளே போனது.

நண்பர்கள் சலித்துக்கொண்டார்கள். அவன் குட்டையோரம்வரை உருண்டோடிய பந்தை எடுத்து வந்து நடுத்திடலுக்கு எறிந்தான். பின்னர், கம்பங்களுக்கு நடுவே வந்து, இம்முறை ஓரடி பின்னால் தள்ளி நின்றான்.

"அப்படித்தான் தம்பி," என்றார் ஒட்டுக்கடைத் தாத்தா. "நாங்கள்லாம் பேராக் பக்கம்தான். இருந்தாலும் சொல்றேன், அந்த ஆளும் அப்படித்தான் கத்துக்கிட்டிருப்பாரு."

சொற்பொருள்

ஈயலம்பம் – ஈயம் தோண்டி எடுக்கும் சுரங்கம்
வாகாக – ஏற்ற முறையில், வசதியாக
புறக்கணித்தல் – பங்கேற்காமல் ஒதுக்குதல்
பிணக்கு – மனவேறுபாடு, சச்சரவு
கைநழுவுதல் – கிடைக்கவிருந்தது கிடைக்காமல் போதல்
தழுவி – அடிப்படையாகக் கொண்டு

கருத்துணர் கேள்விகள்

1. ஆறுமுகத்திற்கு 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டப்பெயர் வரக் காரணம் என்ன?
2. பினால்டி உதையின்போது கோல்காவலர் ஏன் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியுள்ளது? பகுதியில் உள்ள எண்களைக் கொண்டு விளக்குக.
3. பேராக் இரசிகர்கள் ஆறுமுகத்தைப் பார்த்த இருவேறு நிலைகளை எழுதுக.
4. "1980இல் திறந்த கதவு, அந்தத் தலைமுறைக்கு மீண்டும் திறக்கவே இல்லை." இவ்வரியின் கருத்தை உம் சொந்த நடையில் விளக்குக.
5. இறுதியில் அந்த மாணவன் 'ஓரடி பின்னால் தள்ளி' நின்றது எதை உணர்த்துகிறது?

சிந்தித்துப் பேசுக

மாஸ்கோ ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்தது குறித்து வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக. ஒவ்வொரு குழுவும் தன் கருத்துக்கு மூன்று காரணங்களை முன்வைத்திடுக. மாற்றுக் குழுவின் காரணங்களுள் ஏற்கத்தக்க ஒன்றையும் குறிப்பிடுக.

எழுதுக

உம் வட்டாரத்தில் முன்பு விளையாட்டுத் துறையில் சிறந்து விளங்கிய ஒருவரைப் பற்றிக் குடும்பத்தில் உள்ள மூத்தவர்களிடம் கேட்டறிக. அவரைப் பற்றி 150 சொற்களில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதுக.